பந்தாடுகிறவனும் தொழிலாளியே

(இராயபுரத்தில் பந்தாட்டப் பிரியர்களான வாலிபர்கள் கூட்டிய கூட்டத்தில் நாம் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், கால்பந்தாட்டக்காரர்களுடைய சம்பளத் தகராறும், அதைப்பற்றி ரசிகர்களாகிய நீங்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயமுமாகும். இந்தத் தலைப்பை நோட்டீசில் பார்த்த சில பெரியவர்கள், "எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின்நிலையத்துச் சாம்பல் படிந்து மீன் பிடிக்கிறவன் வயிற்றில் மண் விழுந்து கிடக்கிறது, இந்த நேரத்தில் பந்து உதைப்பதைப்பற்றி ஒரு கூட்டமா?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தான். ஆனால் காசிமேட்டு மணலிலிருந்து வியாசர்பாடித் திடல்வரை, சாயங்காலம் ஆனால் பந்து உருளாத இடம் ஒன்றை அவர்கள் காட்டட்டும் பார்க்கலாம். குத்துச்சண்டை, கேரம், பந்து ஆகிய இந்த மூன்றும் வடசென்னைக்காரனுக்குக் கூலி வேலைக்கு அடுத்தபடியான காரியங்களாய் இருக்கின்றன. அப்படியிருக்க, அந்தப் பந்தாட்டத்திலே கூலித் தகராறு வந்தால் அதைப்பற்றிப் பேச இராயபுரத்தைவிடத் தகுந்த இடம் எது?

முதலில் நடந்த சங்கதியைச் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் இந்த விஷயத்தில் கோபித்துக்கொள்ளுகிறவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். சங்கதி தெரிந்தவர்கள் கொஞ்சப்பேர்தான் இருக்கிறார்கள்.

2010-ம் வருஷம் டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமானது, இந்திய தேசத்துப் பந்தாட்டத்தின் வியாபார உரிமை முழுவதையும் ரிலையன்சைச் சேர்ந்த கம்பெனிக்கு 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு எழுதிக்கொடுத்தது. அந்த ஒப்பந்தத்திலிருந்து பிறந்ததுதான் 2014-ல் ஆரம்பித்த இந்தியன் சூப்பர் லீக் என்னும் போட்டி. நம் ஊர் சென்னையின் எப்.சி.யும் அந்த வருஷம் பிறந்ததுதான். 2015-லும் 2017-18-லும் அது கோப்பையை ஜெயித்ததும், நேரு ஸ்டேடியத்தில் நீங்கள் தொண்டை வற்றக் கத்தியதும் உங்களுக்கே தெரியும். இந்தக் குத்தகை 2025 டிசம்பர் 8-ந் தேதியோடு முடிய வேண்டியது. 15 வருஷத்துக்கு முன்பே தெரிந்த தேதி. அப்படியிருந்தும், சம்மேளனத்தின் சட்டதிட்டங்களைப்பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் இருந்ததாலும், இரு தரப்பாருக்கும் பேச்சு முடியாததாலும், புது ஒப்பந்தம் ஏற்படவில்லை. 2025 ஜூலை 11-ந் தேதி அந்தக் கம்பெனியார், இந்த வருஷத்துப் போட்டி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதென்று ஒரு கடிதம் எழுதிவிட்டார்கள்.

அதன் பிறகு ஆகஸ்டு முதல் வாரத்தில் என்ன நடந்தது? பெங்களூர் கிளப்பு, ஆட்டக்காரர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் சம்பளத்தைக் காலவரையறையின்றி நிறுத்திற்று. ஒடிசா கிளப்பு ஒப்பந்தங்களையே சஸ்பெண்டு செய்தது. நமது சென்னையின் கிளப்பும் தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாக அறிவித்தது. செப்டம்பரில் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. பிறகு, வருஷத்துக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் என்று உரிமையை ஏலத்துக்கு விட்டார்கள். நவம்பர் 7-ந் தேதி கெடு முடிந்தபோது ஒரு ஆளாவது ஏலம் கேட்க வரவில்லை! அதற்கப்புறம் ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடி, எங்கள் கோபமெல்லாம் போய் இப்போது கதியற்ற நிலைமைக்கு வந்துவிட்டோம் என்ற கருத்தில் அறிக்கை விட்டார்கள். 2026 ஜனவரி 2-ந் தேதி சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் முதலியவர்கள் உலகப் பந்தாட்டச் சபையாகிய ஃபிஃபாவைப் பார்த்து, நீங்களாவது வந்து எங்களைக் காப்பாற்றுங்கள் என்று படம் பிடித்து வெளியிட்டார்கள். நாலு நாள் கழித்து, போட்டி பிப்ரவரி 14-ல் தொடங்குமென்று மத்திய விளையாட்டு மந்திரி அறிவித்தார். முந்திய பருவத்தில் ஒரு கிளப்புக்கு லீக்கில் 24 ஆட்டம். இப்போது 13 ஆட்டம். சில கிளப்புகள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும்படி ஆட்டக்காரர்களைக் கேட்டதாகவும் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

சங்கதி இவ்வளவுதான். இனி ரசிகர்கள் பேசியதற்கு வருவோம்.

திருவொற்றியூர் டீக்கடையிலும், கைப்போனிலும், மீன்பாடி வண்டி நிற்கும் இடத்திலும் நாம் அதிகமாகக் கேட்டது, "லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு என்னய்யா கஷ்டம்? நாலு மாசம் சம்பளம் வராவிட்டால் செத்தா போய்விடுவான்?" என்பதாகும். இதைச் சொன்னவர்கள் யார் என்று பார்த்தால் முதலாளிகள் அல்ல. லாரி ஓட்டுகிறவர்களும், காண்டிராக்டு ஆளாய்ப் பட்டறையில் நிற்கிறவர்களுமேயாவார்கள்.

தோழர்களே, அதிலே ஒரு உண்மை இருக்கிறது. சிலர் நிறைய வாங்குகிறார்கள். கோடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கிளப்பு சம்பளத்தை நிறுத்தினால் அந்த ஒருவனுக்கு மாத்திரமா நிற்கிறது? துணி துவைக்கிறவன், பூட்சு எடுத்துவைக்கிறவன், கால் பிடித்துவிடுகிறவன், சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிற வாத்தியார், பெயர் தெரியாத இருபது வயதுப் பையன் ஆகிய இவர்கள் எல்லாருக்கும் சேர்ந்துதானே நிற்கிறது? நட்சத்திரத்தைக் காட்டி, அவன் பணக்காரன் என்று உங்களை நம்பவைத்துவிட்டால், அவன் பின்னால் இருட்டில் நிற்கிற இத்தனை பேருடைய கூலியைப்பற்றி நீங்கள் கேட்கமாட்டீர்களல்லவா?

இரண்டாவது, அந்தச் சம்பளம் எத்தனை வருஷத்துக்கு? வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷை உங்களுக்குத் தெரியும். 2018-ல் கோவாவுக்கு எதிரான அரை இறுதி ஆட்டத்தில் அவர் ஒரு கோல் போட்டார். அந்த வருஷம் கோப்பையும் நமக்கு வந்தது. அடுத்த பருவத்தில் முழங்கால் காயத்தால் அவருக்குப் பல மாதங்கள் ஆடமுடியாமற்போயிற்று. பட்டறைத் தொழிலாளி 58 வயதுவரை சுத்தியலைத் தூக்கலாம். இவர்கள் தொழிலோ 34, 35-ல் முடிகிறது. அதுவும் முழங்கால் இடங்கொடுத்தால்! 24 வயதுக்காரன் ஒருவனுடைய ஒரு வருஷத்தை நிறுத்திவைத்துவிட்டு, அடுத்த வருஷம் தருகிறோம் என்று சொல்லலாமா? கிளப்பு தன் வேலையை நிறுத்திவைக்கும். ஆனால் வயதை எப்படி நிறுத்திவைப்பது?

இந்தக் கேள்வி நமக்கு மாத்திரம் வந்ததல்ல. இங்கிலாந்து தேசத்தில் 1901-ம் வருஷம் பந்தாட்டக்காரனுக்கு வாரம் 4 பவுனுக்குமேல் கொடுக்கக்கூடாதென்று சட்டம் போட்டார்கள். ஆலைக்காரர்கள் எல்லாரும் கூடிக்கொண்டு, இதற்குமேல் கூலி இல்லை என்று பேசிவைத்துக்கொள்வது போன்றதே இது. 1907-ல் ஆட்டக்காரர்கள் மான்செஸ்டரில் சங்கம் வைத்தார்கள். 1909-ல் சங்கத்தை விட்டு விலகவேண்டும், இல்லாவிட்டால் ஆட்டமில்லை என்று உத்தரவு வந்தபோது, மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலக மறுத்து, தள்ளப்பட்டவர்கள் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு தனியாகப் பயிற்சி செய்தார்கள். அந்தக் கூலி வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 20 பவுனில் நின்றது. அதை 1961 ஜனவரியில், வேலைநிறுத்தம் செய்கிறோம் என்று தேதி குறித்த பிறகுதான் எடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் நடந்ததாக ஒரு கதையை அங்கே இன்றும் சொல்லுவார்கள். மான்செஸ்டரில் ஆட்டக்காரர்கள் கூட்டம். ஒரு வாலிப ஆட்டக்காரன் எழுந்து, என் தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் வாரம் 10 பவுனுக்கு வேலை செய்கிறார், நாம் பந்து உதைத்து அதைப்போல் இரண்டு பங்கு வாங்குகிறோம், இது போதாதா என்று கேட்டானாம். நம்ம டீக்கடைக் கேள்வியேதான்! அதற்குப் போல்ட்டன் கிளப்பைச் சேர்ந்த டாமி பேங்ஸ் என்பவர், தாமும் சுரங்கத்தில் வேலை செய்தவரே, எழுந்து பதில் சொன்னாராம்: சுரங்க வேலை கஷ்டம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் உன் தகப்பனார் கரி வெட்டுவதைக் காசு கொடுத்துப் பார்க்க 30,000 பேர் வருவதில்லை, ஸ்டான்லி மாத்யூஸை நான் மறிப்பதைப் பார்க்க வருகிறார்கள் என்று. மாத்யூஸும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாராம்.

இதிலே வேடிக்கை இருக்கிறது. அதைவிட அதிகமாகக் கணக்கு இருக்கிறது. 30,000 பேர் கொடுத்த காசு எங்கேயோ போய்ச் சேருகிறது. ஆட்டக்காரன் வாங்கவில்லை என்பதனால் அது சுரங்கக்காரனுக்குப் போய்விடுவதில்லை. நீங்கள் "அவனுக்கு எதற்கு இவ்வளவு?" என்று கேட்கும்போது, அந்த மிச்சம் உங்கள் பைக்குத் திரும்பிவரும் என்று எண்ணுகிறீர்களா? டிக்கெட்டு விலை கால் ரூபாயாவது குறைந்ததுண்டா?

இனி, துறைமுகத்தோழர்கள் நிறையப்பேர் இங்கே வந்திருப்பதால் உங்கள் சொந்தக் கதையையே ஒன்று சொல்லுகிறோம். முன்காலத்தில் நம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் நிலைமை என்ன? விடிகாலையில் வாசலில் போய் நிற்கவேண்டும். மேஸ்திரி கைகாட்டினவனுக்கு வேலை. காட்டாதவன் வீட்டுக்குப் போகவேண்டும். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. "கப்பல் வரவில்லை, நான் என்ன செய்ய?" என்று முதலாளி கேட்டான். அது உண்மைதான், கப்பலை அவன் ஒளித்துவைத்திருக்கவில்லை. ஆனால் தொழிலாளி என்ன சொன்னான்? "கப்பல் வருவதும் வராததும் என் கையில் இல்லை; நான் வந்து நிற்பதுதான் என் கையில் இருக்கிறது. வந்து நின்றேன், ஆகவே எனக்குச் சாப்பாட்டுக்குக் கொடு" என்றான். இப்படிப் பல காலம் சண்டை போட்டதன் பலனாக 1948-ல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. அதன்கீழ் பதிவு செய்த தொழிலாளிக்கு, கப்பல் இல்லாவிட்டாலும் வந்து ஆஜரானதற்கு ஒரு படியும், மாதத்துக்குக் குறைந்தபட்சக் கூலி உத்தரவாதமும் ஏற்பட்டது. உங்கள் பாட்டனார்மார்கள் அந்தப் படியை வாங்கித்தான் உங்கள் தகப்பனாரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

இப்பொழுது பந்தாட்டக்காரன் கேட்டது இதிலிருந்து எந்த விதத்தில் வேறு? "லீக்கு வரவில்லை, சம்பளமில்லை" என்று கிளப்பு சொல்லுகிறது. "லீக்கு வருவது என் கையில் இல்லை, நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி உடம்பைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறேன்" என்று இவன் சொல்லுகிறான். பாட்டன் கேட்டது நியாயம், பந்தாட்டக்காரன் கேட்டது கொழுப்பு என்று சொன்னால் எந்தப் பகுத்தறிவு ஒப்புக்கொள்ளும்?

பிடிக்காவிட்டால் வேறு இடம் போகட்டுமே என்பார் சிலர். ஃபிஃபாவின் விதியிலே, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால் 15 நாள் நோட்டீசு கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாமென்று 2018 முதல் இருக்கிறது. விதி நல்ல விதிதான். ஆனால் தேசத்திலுள்ள முதல்தரப் போட்டி முழுவதுமே நின்றிருக்கும்போது முறித்துக்கொண்டு எங்கே போவது? வெளிதேசத்தானுக்கு ஊர் இருக்கிறது, விமானமேறிப் போய்விடுவான். வியாசர்பாடிக்காரன் போவதற்கு வியாசர்பாடிதான் இருக்கிறது.

முன்னே நம்மவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அக்காலத்தில் நம் பகுதிப் பையன் நன்றாகப் பந்தாடினால் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், துறைமுகத்தில், தெற்கு ரயில்வேயில், சுங்க இலாகாவில், இந்தியன் பாங்கில் ஒரு உத்தியோகம் கிடைத்தது. மத்தியானம்வரை பேனா பிடித்தான் அல்லது இரும்பு தட்டினான், சாயங்காலம் பந்து. ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாசக் கடைசியில் சம்பளம், கால் ஒடிந்தாலும் நாற்காலி இருந்தது, கிழவனானால் பென்ஷன். இந்தியன் பாங்கு அணி 1996-97-ல் தேசிய லீக்கின் முதற் போட்டியிலேயே ஆடிற்று. அது பெரிய ஆட்டமில்லை, ஜிகினா இல்லை, டெலிவிஷன் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு குடும்பம் நிமிர்ந்தது. பிறகு, இது வியாபாரமாக வேண்டும், அப்போதுதான் ஆட்டம் வளரும் என்றார்கள். வியாபாரமாக்குவதை நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வியாபாரத்தின் லாபம் முதலாளிக்கு, அதன் ஆபத்து மாத்திரம் கூலிக்காரனுக்கு என்றால் அது என்ன வியாபாரம்? சென்னை சிட்டி என்ற கிளப்பு 2018-19-ல் ஐ-லீக்கை ஜெயித்தது. 2020-21-க்குப்பின் அந்தப் போட்டியில் அதைக் காணோம். கோப்பை ஜெயித்த கிளப்பே இரண்டு வருஷத்தில் காணாமற்போகும்போது, அதை நம்பின ஆள் என்ன ஆவான்?

சரி, முதலாளி தரப்பையும் பார்ப்போம். கிளப்புகளுக்கு வருஷா வருஷம் நஷ்டம் என்கிறார்கள். பெரும்பாலும் நிஜந்தான் என்றே நாமும் நம்புகிறோம். டெலிவிஷன் பணம் போதாது, டிக்கெட்டுப் பணம் விளக்குக்கும் காணாது. உரிமை யாருடையது என்று தெரியாதபோது விளம்பரக்காரன் பணம் கொடுக்கமாட்டான் என்பதும் நிஜமே. முதலாளிகளெல்லாரும் திருடர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போக நாம் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். 2010-ல் 15 வருஷக் குத்தகை எழுதினபோது ஆட்டக்காரனை யாராவது கலந்துகொண்டார்களா? நீங்கள் ரசிகர்கள், உங்களைக் கேட்டார்களா? குத்தகை முடியும் தேதி தெரிந்திருந்தும் கடைசி வருஷம்வரை சும்மா இருந்தது பந்தாட்டக்காரனா? நல்ல நாளில் அவன் சிப்பந்தி. கெட்ட நாளில் மாத்திரம் பங்காளியா? நஷ்டத்தில் பங்கெடுத்துக்கொள் என்று சொல்லுகிறவன், முதலில் கணக்குப் புத்தகத்தை நடுவில் வைக்கவேண்டாமா? பங்காளிக்குள்ள மரியாதை அதுதானே?

இதற்கு அடுத்தபடியாக ஒரு சாமர்த்தியமான வாதம் உண்டு. "அவனுக்கு ஆட்டத்தின்மேல் உண்மையான பிரியமிருந்தால் காசைப்பற்றிப் பேசுவானா? ஆட்டம் தெய்வம் மாதிரி அல்லவா?" என்பது. தெய்வம் என்ற பேச்சு வந்தவுடனே நாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது வழக்கம். ஏனென்றால் எங்கே 'தொண்டு', 'புனிதம்', 'அர்ப்பணம்' என்ற வார்த்தைகள் வருகின்றனவோ அங்கே யாருக்கோ கூலி பாக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரி நர்சு சம்பளம் கேட்டால் சேவை என்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் கேட்டால் அறப்பணி என்பார்கள். கோவிலில் மேளம் அடிக்கிறவன் கேட்டால் கைங்கரியம் என்பார்கள். சொல்லுகிறவன் எவனாவது தன் வாடகையை, தன் வட்டியை அர்ப்பணம் செய்ததுண்டா? ஸ்டேடியத்து மின்சாரக்காரன் பிரியத்துக்காக விளக்குப் போடுகிறானா?

இந்தப் பக்திப் பைத்தியம் ரசிகனை எங்கே கொண்டுபோய் விடுகிறதென்று பாருங்கள். 2022-ல் கேரளத்தில் புல்லாவூர் ஆற்றிலே மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் தென்னை உயரத்துக்குக் கட்அவுட்டு வைத்தார்கள். வாலிபர்களின் உற்சாகம் என்று சொல்லி அதை விட்டுவிடலாம். ஆனால் 2025 டிசம்பர் 13-ந் தேதி கல்கத்தாவில் நடந்ததை எப்படி விடுவது? நம் தேசத்துப் பந்தாட்டக் குத்தகை முடிந்து அஞ்சு நாள். நம் ஆட்டக்காரன் வேலையில்லாமல் இருக்கிறான். அந்த வாரத்தில் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு மெஸ்ஸியைத் தரிசிக்க ஜனங்கள் கூடினார்கள். பந்தாட்டம் பார்க்க அல்ல. அவர் நடந்துபோவதைப் பார்க்க! மந்திரிகளும் பிரமுகர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டதால் காசு கொடுத்தவன் கண்ணுக்கு அவர் அகப்படவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார். ஜனங்கள் ஆத்திரப்பட்டுப் பாட்டிலை எறிந்து நாற்காலிகளைப் பிடுங்கினார்கள். கோவிலில் தட்சிணை கொடுத்தவன் வெளியே நிற்க, பெரிய மனிதன் உள்ளே போவது நமக்குப் பழைய கதையல்லவா? மெஸ்ஸியின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. உலகத்தில் அவருக்கு நிகர் சிலரே. ஆனால் அந்த ஒரு நாள் கோபத்தில் நூறில் ஒரு பங்கு, நம் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் நின்றபோது வந்திருந்தால் என்ன?

நம் ஊர் மாத்திரம் என்ன வாழ்ந்தது? கிளப்பு ஆரம்பித்த காலத்தில் சினிமாக்காரர் அபிஷேக் பச்சனும் கிரிக்கெட்டுக்காரர் தோனியும் பங்குதாரர்கள் என்பதனால், பந்து எந்தப் பக்கம் போகிறதென்று பாராமல் அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்? ஆட்டக்காரனை விட்டுவிட்டு முதலாளிக்குக் கைதட்டுகிற ஆட்டம் உலகத்தில் வேறு உண்டா?

இன்னொரு கூட்டத்தார் கொஞ்சம் நல்லவர்கள். அவர்கள், "நியாய அநியாயம் எப்படியோ போகட்டும், ஆட்டம் நடந்தால் போதும்" என்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு வாரத்தில் ஒரு நாள் சந்தோஷம் வேண்டாமா என்று கேட்டால் நாமும் வேண்டும் என்றுதான் சொல்லுவோம். ஆனால் சம்பளம் வருமா என்று தெரியாத தொழிலுக்கு உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா? மாட்டீர்கள். பத்து வருஷத்துக்கு வியாசர்பாடித் தகப்பன், இராயபுரத்துத் தகப்பன் அத்தனைபேரும் மாட்டேன் என்றால், பதினோராவது வருஷம் யார் ஆட்டத்தைப் பார்ப்பீர்கள்? நந்தகுமார் சேகர் வியாசர்பாடியில் பந்து பழகிய பிள்ளை. 2023 ஆகஸ்டில் டூராண்டு கோப்பை ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் கட்சிக்கு அவர் போட்ட ஒரு கோலினால் மோகன் பகான் தோற்றது. கல்கத்தா நகரமே ஆடிப்போயிற்று. அவர் தகப்பனார் ஆட்டோ ஓட்டியவர். அப்படிப்பட்ட வீட்டில், "பந்தை விட்டுவிட்டு டிரைவிங் லைசென்சு எடு" என்று ஒருநாள் சொல்லியிருந்தால் அந்தக் கோல் எங்கே? ஆகையால் ஆட்டக்காரன் சம்பளத்துக்காக நீங்கள் பேசுவது அவனுக்குச் செய்கிற தர்மமல்ல. உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு நீங்களே செய்துகொள்ளுகிற பாதுகாப்பு.

பெண்கள் ஆட்டத்தைப்பற்றி இரண்டு வார்த்தை. மதுரையைச் சேர்ந்த சேது கிளப்புப் பெண்கள் 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு சம்பளம் என்று ரசிகர்களில் ஒருவராவது கேட்டதாக நமக்குத் தெரியவில்லை. ஸ்பெயின் தேசத்துப் பெண்கள் 2023 செப்டம்பரில் பருவத்தின் முதல் ஆட்டங்களையே ஆடாமல் நின்று, வருஷத்துக்கு 16,000 யூரோவாயிருந்த குறைந்தபட்சச் சம்பளத்தை 21,000-ஆக உயர்த்திக்கொண்டார்கள். ஆண்கள் லட்சம் கேட்டால் பேராசை என்கிறவர்கள், பெண்கள் ஆயிரம் கேட்டால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

இந்தப் பகுதியிலேயே நடந்த ஒரு பழைய சங்கதியையும் மறந்துவிடக்கூடாது. 1921-ல் பெரம்பூர் பின்னி மில்லில் பல மாதம் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் முடிவு என்ன? ஆதித்திராவிடத் தொழிலாளிகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கமாகப் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அந்த ஆதித்திராவிடத் தோழர்கள்மேல் பழியைப் போடுவது சுலபம். ஆனால் அதுவரை அவர்களைப் பக்கத்தில் உட்காரவைக்காதவர்கள், வேலைநிறுத்தத்தன்று மாத்திரம் "நாமெல்லாரும் ஒன்று" என்றால் எப்படி நம்புவார்கள்? அதை இங்கே சொல்லக் காரணம், பக்கத்துத் தொழிலாளி சண்டை போடும்போது வேடிக்கை பார்த்தவனுக்குத் தன் சண்டை வருகிற அன்றைக்குத் துணை கிடையாது என்பதுதான். ஆட்டக்காரருக்கும் இதையே சொல்லுகிறோம். காண்டிராக்டு ஆட்களைப் பட்டறையிலிருந்து நிறுத்தும்போது நீங்களும் ஒரு வார்த்தை பேசியிருந்தால், ரசிகனும் உங்களைக் கூட்டாளி என்று நினைத்திருப்பான். அவன் உங்களைப் படத்தில் மாத்திரம் பார்க்கிறான்.

ஆகவே ரசிகர்கள் என்ன செய்யக்கூடும்? பாட்டுப் பாடவும் மேளம் தட்டவும் உங்களுக்கு ஏற்கனவே கூட்டங்கள் இருக்கின்றன. நீலச் சட்டை போட்டுக்கொண்டு வெளியூருக்கு ரயிலேறிப் போகிறீர்கள். அந்தக் கூட்டத்தை ஒரு சங்கமாக்குங்கள். மாதம் பத்து ரூபாய் சந்தா வையுங்கள், கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். கிளப்பினிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: வரவு செலவை வருஷந்தோறும் வெளியிடுவதா இல்லையா, சம்பள பாக்கி எவ்வளவு, போட்டி நின்றால் சிப்பந்திகளுக்கு என்ன உத்தரவாதம். பதில் வராவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அந்த மூன்று கேள்வியையும் துணியில் எழுதிப் பிடியுங்கள். ஜெர்மனி தேசத்தில் பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையில் பாதிக்குமேல் அங்கத்தினர் கையில்தான் இருக்கவேண்டுமென்று 1998 முதல் விதி வைத்திருக்கிறார்கள். நமக்கு அது நாளைக்கே வந்துவிடாது. வரவேண்டுமென்றாவது கேட்கலாமல்லவா?

இன்னும் ஒன்று. கிளப்பில் துணி துவைக்கிறவர்கள், மைதானம் பார்க்கிறவர்கள் பாதிப்பேர் இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களாகவே இருப்பார்கள். அவர்களில் யாருக்காவது அந்த மாதங்களின் கூலி இன்னும் நிற்கிறதா என்பதை வீடு வீடாகப் போய் விசாரிக்க நாலு பேர் வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செக்ரட்டரித் தோழரிடம் கொடுக்கலாம். இனி, கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் எழுந்து கேளுங்கள். முக்கியமாக, பந்தாட்டக்காரனுக்கு எதற்கு இவ்வளவு சம்பளம் என்று இன்னும் நினைக்கிறவர்கள் முதலில் கேளுங்கள்.